நல்ல கை

எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் மாஸ்டர். தையல் வேலையில் துணியை வெட்டுகிறவருக்குத்தான் அந்தப் பட்டம். தைப்பதற்குப் பத்துப் பேர் இருக்கலாம், கத்தரிக்கோல் வைக்கிறவர் ஒருவர்தான். ஒரு பெண்ணை மாஸ்டர் என்று கூப்பிடுவது முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. கிண்டல் செய்தவர்களின் சட்டையையும் அவளே வெட்டிக் கொடுத்தாள். தோள்பட்டை கச்சிதமாக உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு கிண்டல் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அவள் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் நான் நகல் எடுத்துக்கொண்டும் மற்றவர்களின் விண்ணப்பங்களை டைப் அடித்துக்கொண்டும் இருப்பேன். அந்தப் பக்கம் அவளுடைய மெஷின் ஓடும். மெஷின் திடீரென்று நின்றால் யாரையோ திட்டப்போகிறாள் என்று அர்த்தம். பெரும்பாலும் என்னைத்தான். என்னை அவள் ஜெராக்ஸ் என்பாள். ஊர்வம்பு ஒன்று கிடைத்தால் நான் நாலு பிரதி எடுத்துக் கொடுப்பேனாம். எனக்கு வாய் நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதை அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதிக்கோ. ஆனா என்னை நல்லவளா மட்டும் காட்டிடாதே" என்றாள்.

சின்ன வயதில் அவள் வேலை பார்த்தது சீருடை தைக்கும் ஆலை ஒன்றில். காலர் மட்டும் தைப்பது அவள் வேலை. வருஷக்கணக்கில் காலர், காலர், காலர். "உலகத்துல எல்லாருக்கும் கழுத்து மட்டும்தான் இருக்குன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்பாள். அங்கிருந்து அவளைப் பிடுங்கி வெளியே கொண்டுவந்தது அவளுடைய அக்கா. முதல் மெஷினை வாங்கிக் கொடுத்ததும், இந்தக் கடையைப் பிடித்துக் கொடுத்ததும் அக்காதான். கல்யாணப் பேச்சு எடுத்தபோதெல்லாம் "அளவு சரியில்ல" என்று ஒரே வார்த்தையில் தட்டிக்கழித்துவிட்டு மாஸ்டர் அக்காவோடேயே இருந்துவிட்டாள். அக்காவுக்குக் கணவன் இல்லை, ஒரு மகள் உண்டு. மூன்று பேரும் கடைக்கு மேலே இருக்கும் மாடி வீட்டில் இருந்தார்கள்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். நகரத்தின் பெரிய கடை ஒன்றில் வாசனைத் திரவியம் விற்கும் கவுண்டரில் நிற்பாள். குப்பை கொட்டக் கீழே இறங்கினாலும் உதட்டுச்சாயம் இல்லாமல் இறங்கமாட்டாள். சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தால் அன்றைக்குத் தங்கைக்கு மண்டகப்படி நிச்சயம். தெருவில் அவள் நடந்து போனால் நாங்களெல்லாம் எங்கள் உடையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வோம். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்கு நன்றாகப் புரியும், பதில்தான் சொல்ல முடியாது. கூட வேலை பார்த்தவர்கள் பூங்கொத்தோடு பார்க்க வந்தபோது போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவர்கள் போகும்வரை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அறைக்குள் தங்கை, மகள், நான், உடற்பயிற்சி கொடுக்க வருகிற பெண், இவ்வளவு பேருக்குத்தான் அனுமதி. மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. போகமாட்டேன் என்று அழுதவளை மாஸ்டர்தான் பெட்டி கட்டி அனுப்பினாள். "நான் இருக்கேன்ல?" என்றாள்.

முதல் நாட்கள் கொடுமை. தலைவழியாக நைட்டி போட முடியவில்லை. விழுந்த கையைத் தூக்கினால் அக்காவுக்கு உயிர் போகிற வலி. ஒருநாள் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, அக்காவின் நல்ல சட்டை ஒன்றை முதுகுப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே வெட்டு. கையை முன்பக்கமாகவே நுழைத்து, பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, தோளில் பிரஸ் பட்டன் வைத்துப் பூட்டினாள். முன்னாலிருந்து பார்த்தால் சாதாரணச் சட்டை, காலரும் கம்பீரமாக நின்றது. அக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணாடியைக் கைகாட்டிக் கேட்டாள்.

உடற்பயிற்சிக்காரப் பெண் அதைப் பார்த்து நாலு வீட்டில் சொன்னாள். நாலு வீட்டுக்காரர்களும் கடைப் படியேறி வந்தார்கள். பிறகு வேறு ஊர்களிலிருந்து தொலைபேசி வரத் தொடங்கியது. எல்லோருக்கும் தைத்து அனுப்ப ஒரு ஆளால் முடியுமா? அக்கா மகள்தான் யோசனை சொன்னாள். அவள் இணையதளம் கட்டும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள்.

"தைச்சு அனுப்பாதே சித்தி, வெட்டற விதத்தை அனுப்பு. சந்தா கட்டினவங்களுக்கு மாசம் ஒரு பேட்டர்ன். எப்படிப் போட்டுவிடறதுன்னு படத்தோட. அவங்கவங்க ஊர்ல அவங்கவங்க டெய்லர் தைச்சுக்கட்டும்."

கடையில் அப்போது நாங்கள் இரண்டு பேருமே ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். ஆயத்த ஆடை வாங்குகிறவர்கள் மாஸ்டரிடம் வருவதில்லை, கைப்பேசியில் படம் பிடிக்கிறவர்கள் என்னிடம் நகல் எடுப்பதில்லை. இந்தத் தளம் நன்றாக ஓடினால் கடையை மூடிவிட்டு மாடியிலேயே வேலை செய்யலாம், அக்காவைத் தனியாக விடவேண்டியதில்லை. அந்த ஆசையில் மாஸ்டர் குதித்தாள். எழுதுகிற வேலைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள்.

தளம் திறப்பதற்கு முன்னால் இவ்வளவு வேலை இருக்கும் என்று யார் கண்டது? எது எல்லோரும் பார்க்கலாம், எது சந்தாதாரருக்கு மட்டும் என்று பிரிக்கவே ஏகப்பட்ட சண்டை. படுத்திருப்பவருக்கு அளவு எடுப்பது எப்படி என்ற பக்கத்தை இலவசமாக வைக்கவேண்டும் என்றாள். "அதுதானே உன் சரக்கு, அதையே சும்மா குடுத்துட்டா?" என்றேன். "அளவு தெரியாம என் பேட்டர்னை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க, நகல் எடுத்து சுவத்துல ஒட்டுவாங்களா?" என்று என் தொழிலையும் சேர்த்து வாரினாள். பிரவுன் பேப்பரில் வெட்டிய பேட்டர்ன்களை நான் துண்டு துண்டாகக் கணினியில் ஏற்றினேன். திறப்பதற்கு முன் வெள்ளோட்டம் பார்க்கச் சில வீட்டுக்காரர்களைச் சேர்த்தோம். அதில் ஒருவர் வண்டி பழுது பார்ப்பவர், பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறவர். தைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு எங்கே இடிக்கிறது என்று அவர்கள் எழுதவேண்டும்.

படத்தில்தான் சிக்கல் வந்தது. கடையில் இருந்த பொம்மைக்குக் கையே கிடையாது. சரி, நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்று பெரிய மனதோடு முன்வந்தேன். கையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். மாஸ்டர் சட்டையைக் கொண்டுவரும்போதெல்லாம் என் கை தன்னால் கொஞ்சம் எழும்பி அவளுக்கு வழிவிட்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லை, அது அப்படித்தான் வருகிறது.

"உன் கை பொய் சொல்லுது ஜெராக்ஸ். இதைப் பார்த்து ஒருத்தர் போட்டுவிட்டா அந்தப் பக்கம் தோள் கழண்டுடும்."

உண்மை சொல்கிற கை அவள் அறிந்தவரை ஒன்றுதான் இருந்தது. அது மாடியில் இருந்தது.

அக்காவிடம் பதில் வாங்குவதற்கு அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. அவள் தலையாட்டலை நம்ப முடியாது. ஆமாம் என்று நினைத்து இல்லை என்று ஆட்டுவாள், பிறகு தன்மேலேயே எரிச்சல்படுவாள். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே பேச்சுப் பயிற்சிக்காரர் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். அவளுடைய இடது கைக்குள் நம் கையை வைத்துக் கேட்கவேண்டும். ஆமாம் என்றால் அழுத்துவாள், இல்லை என்றால் உதறுவாள். அந்த இடது கையைத்தான் வீட்டில் நல்ல கை என்பார்கள். சாப்பாடு போதுமா, ஜன்னலைத் திறக்கட்டுமா, வந்திருப்பவரை உள்ளே விடலாமா, எல்லாவற்றையும் அந்தக் கைதான் முடிவு செய்யும்.

உடுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் விழுந்த கை, கடைசியில்தான் நல்ல கை. மாற்றிச் செய்தால் விழுந்த கையை முறுக்க வேண்டிவரும். குளிர்காலச் சட்டைக்கு நீளக் கை. நல்ல கை அதற்குள் போய், விரல்கள் இன்னும் வெளியே வராமல் இருக்கிற கொஞ்ச நேரம் இருக்கிறதே, அப்போது மாஸ்டர் முதுகுப்பக்கம் சாய்ந்து பட்டன் போடுவாள்.

அந்த நேரத்தில்தான் கேட்டாள். நான் கைப்பேசியை வைத்துக்கொண்டு எதிரே நின்றிருந்தேன்.

"அக்கா, சட்டை போடறதை ரெண்டு படம் எடுத்துக்கட்டுமா? முகம் வராது. தெரியாதவங்க கத்துக்கறதுக்குத்தான்."

அக்காவின் கை துணிக்குள் இருந்தது. பதில் ஒன்றும் வரவில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்து, "எடு" என்றாள். எடுத்தேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படியிறங்கும்போது, "வேணாம்னா உதறியிருப்பா" என்றாள் மாஸ்டர். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவே இல்லை. கேட்காமலே அவள் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. ஆனாலும் அடுத்தடுத்த சட்டைகளுக்கும் அப்படியேதான் நடந்தது. கை உள்ளே போகும், அவள் கேட்பாள், நான் எடுப்பேன்.

படங்கள் அற்புதமாக வந்தன, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. தோள் எங்கே தாங்கப்படவேண்டும், துணி எங்கே தளர்ந்து வழிவிடுகிறது என்பதெல்லாம் குழந்தைக்கும் புரியும். முகம் இல்லை. தோள், கை, அக்குள், கொஞ்சம் உள்ளாடை ஓரம். வெள்ளோட்டத் தளத்தில் ஏற்றினோம். மறுநாளே அக்கா மகள் கடைக்குக் கூப்பிட்டுப் பேசினாள். அவள் கோபப்படுவாள் என்று மாஸ்டர் பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். அவளோ தேம்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா ஒத்துக்கிட்டாளா சித்தி? நிஜமாவா? அம்மாவா?"

"கேட்டேன்" என்றாள் மாஸ்டர்.

"யாரையும் உள்ள விடாத அம்மா! ஊரே பார்க்கப்போற படத்துக்கு ஒத்துக்கிட்டாளே. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இனிமே சரியாயிடுவா சித்தி. ஞாயித்துக்கிழமை பேசறப்போ சொல்லப்போறேன், உன்னை நினைச்சா பெருமையா இருக்கும்மான்னு."

திட்டியிருந்தால் மாஸ்டர் திருப்பித் திட்டியிருப்பாள்.  கைப்பேசியை வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள். அன்று தைத்த சட்டைக்கு இரண்டு பக்கமும் வலது கையையே வைத்து முடித்துவிட்டாள். கத்தரிக்கோல் பிடித்த நாளிலிருந்து அவள் செய்யாத தப்பு. பிரிக்க உட்கார்ந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு என் கடைக்கு வந்து, நகல் இயந்திரத்தின் மேல் கையை ஊன்றி நின்றாள்.

"அந்த நேரம் பார்த்துதான்டி கேட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வாயை மூடிட்டு இருந்தே? ஊர்ல எல்லாத்துக்கும் வாயைத் திறப்பியே."

எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது.  அவளே தொடர்ந்தாள்.

"சும்மா இருக்கறப்போ கேட்டா உதறிடுவான்னு எனக்குத் தெரியும். ஒரு தடவை உதறிட்டா அப்புறம் எடுக்க முடியாது. அதான் கை உள்ள போனதும் கேட்டேன். கேட்ட மாதிரியும் ஆச்சு, பதில் வராத மாதிரியும் ஆச்சு. எனக்கு மெஷின் வாங்கிக் குடுத்தவளை நான் அளவெடுத்து ஏமாத்தியிருக்கேன்."

"இப்ப கேட்டுடேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"அவ உதறிட்டா? காத்துட்டிருக்கறவங்களுக்கு என்ன சொல்றது? படம் இல்லாம என்னத்தைத் திறக்கறது?"

அந்த வாரம் அவள் தினமும் கேட்கப் போனாள். தினமும் வேறு எதையாவது கேட்டுவிட்டுத் திரும்பினாள். போர்வை போதுமா, விளக்கை அணைக்கட்டுமா, பழம் நறுக்கட்டுமா. அக்கா பொறுமையாக ஒவ்வொன்றுக்கும் அழுத்தினாள். "இவ்வளவு ஆமாம் சொல்றாளே, இதையும் சொல்லிடுவாளோ" என்று மாஸ்டர் என்னிடம் நப்பாசையாகக் கேட்டாள்.  குற்ற உணர்ச்சி அவளை அரித்தது கண்கூடாகத் தெரிந்தது. ஆனால் பயம் அதைவிடப் பெரியதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முகப்புப் பக்கத்துக்கு எழுதியதை வாசித்துக் காட்ட நான் மாடிக்குப் போனேன். மாஸ்டர் அக்காவுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டுக் கட்டாயம் கேட்டுவிடுவேன் என்று எனக்குக் கண்ஜாடை காட்டினாள். வழக்கமாகச் சாயங்காலம் வீடியோவில் பேசும் மகள் அன்றைக்கு ஆசை தாங்காமல் காலையிலேயே கூப்பிட்டுவிட்டாள். கைப்பேசி தலையணையில் சாய்த்து வைத்திருந்தது. நான்தான் எடுத்தேன். எடுத்திருக்கக்கூடாது.

"அம்மா! உன் படமெல்லாம் பார்த்தேன். தளத்துல போட்டிருக்காங்களே, அதுதான். எத்தனை பேர் உன்னைப் பார்த்துக் கத்துக்கப்போறாங்க தெரியுமா? எவ்வளவு தைரியம்மா உனக்கு!"

அக்காவின் முகம் முதலில் மகளைப் பார்த்துச் சிரித்தது. பிறகு சிரிப்பு மெதுவாக நின்றது. நல்ல கை சட்டைக்குள் பாதியில் இருந்தது. துணிக்குள் அது புரள்வதும் விரல்கள் வழி தேடுவதும் எனக்குத் தெரிந்தது. தங்கை பின்னால் நின்றிருந்தாள். அக்காவால் திரும்பிப் பார்க்க முடியாது.

மாஸ்டருக்கு அப்போதும் வழி இருந்தது. பட்டனைப் போட்டுக்கொண்டே, "ஆமா ஆமா, உங்க அம்மா தைரியசாலிதான்" என்று சிரித்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது, அக்காவும் சேர்த்துத்தான். மாஸ்டரோ, போட்ட பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நல்ல கையைத் துணியிலிருந்து வெளியே எடுத்தாள். கட்டிலைச் சுற்றி முன்னால் வந்து மண்டியிட்டு, அந்தக் கைக்குள் தன் கையை வைத்தாள்.

"அக்கா, நான் கேட்டப்பல்லாம் உன் கை உள்ள இருந்துச்சு. தெரிஞ்சேதான் அப்பக் கேட்டேன். இப்பக் கேக்கறேன். அந்தப் படங்களைப் போடலாமா?"

 அக்கா அழுத்தவில்லை. உதறவும் இல்லை. தன் கையைத் தங்கையின் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள். போர்வையின் ஓரத்தைத் தேடிப் பிடித்து, விழுந்த கையைத் தோள்வரை மூடினாள். மூடிவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எடுத்துடறேம்மா. இப்பவே எடுத்துடறேன்" என்றாள் மகள். பிறகு, "சித்தி, உன்னை நம்பித்தானே நான் அம்மாவை விட்டுட்டு வந்தேன்?" என்றாள். கத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஆமா" என்றாள் மாஸ்டர்.

படங்கள் தளத்திலிருந்தும், கைப்பேசியிலிருந்தும், என் கணினியிலிருந்தும் போயின. திறப்பு விழாத் தேதியைத் தள்ளிவைத்தோம். எப்போது என்று யாருக்கும் சொல்லவில்லை. மாஸ்டர் படங்களுக்குப் பதிலாகக் கோட்டுச் சித்திரம் வரைய உட்கார்ந்தாள். அவளுக்குத் துணியில்தான் கோடு வரும், காகிதத்தில் வராது. வரைந்து வரைந்து கசக்கிப் போட்டாள். கடைசியில் தேறியவையும் படங்கள் சொன்னதில் பாதியைத்தான் சொல்லின. நஷ்டம் நஷ்டம்தான். அதற்கு நான் சப்பைக்கட்டு கட்டமாட்டேன்.

ஆனால் அவளை வதைப்பது அது இல்லை. அன்றிலிருந்து அக்கா நல்ல கையைத் தருவதில்லை. விழுந்த கையை நுழைக்கும்வரை சும்மா இருப்பாள். நல்ல கையின் முறை வந்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். சாப்பிடுகிறாள், பயிற்சி செய்கிறாள், தங்கை கேட்கும் மற்றக் கேள்விகளுக்கு அழுத்தவும் செய்கிறாள். சட்டைக்குள் மட்டும் அந்தக் கை போவதில்லை. சில நாள் பாதிச் சட்டையோடு, மீதிக்குப் போர்வையோடு உட்கார்ந்திருப்பாள். சுருக்கம் விழுந்த சட்டைக்குச் சண்டை போட்டவள்! "கோபம்னா திட்டட்டும், வாங்கிக்கறேன். அவளால திட்டவும் முடியாதே" என்று மாஸ்டர் ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து அழுதாள். 

அப்போதுதான் வெள்ளோட்டப் பக்கத்தில் அந்த வண்டி பழுது பார்ப்பவர் எழுதியிருந்தார். நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சட்டை நன்றாக வந்திருக்கிறது, விழுந்த கை சுலபமாக நுழைகிறது என்று முதலில் பாராட்டு. அதற்குக் கீழே: "ஆனால் அம்மா நல்ல கையைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். கட்டிலைப் பிடித்துக்கொள்கிறார். இழுத்தால் அழுகிறார். இதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?"

மாஸ்டர் எழுந்து வந்து திரையில் அதைத் தானே மறுபடி ஒருமுறை படித்தாள்.

"என்ன எழுதட்டும்?" என்றேன்.

"இழுக்காதீங்கன்னு எழுது." அடித்தேன். "கை வெளியில இருக்கறப்பவே கேளுங்கன்னு எழுது. குடுக்கலைன்னா போர்வையைப் போத்திட்டு விட்டுடணும். மறுபடி மறுநாள் கேக்கணும்."

அதையும் அடித்தேன். "எப்பக் குடுப்பாங்கன்னு கேப்பாரே?"

"தெரியலைன்னு எழுது. எங்க வீட்லயும் இன்னும் குடுக்கலைன்னு எழுது."

அப்படியே எழுதி அனுப்பினேன்.